பெட்டியில் போட்ட ஸ்பீடும் நம் மேசையில் வரும் ஸ்பீடும்

தண்டையார்பேட்டையில் போட்டோ ஸ்டூடியோ வைத்திருக்கும் ஒரு தம்பி கேட்டிருப்பது இது: "எடிட்டிங் சிஸ்டத்துக்கு 1 டிபி என்விஎம்இ எஸ்எஸ்டி வாங்கணும் அண்ணா. ரெண்டு பார்த்து வெச்சிருக்கேன். ஒண்ணுல ரீடு ஸ்பீடு 3,500 எம்பி, டிஎல்சி, 600 டிபிடபிள்யூ. இன்னொண்ணுல 5,000 எம்பி, 220 டிபிடபிள்யூ, என்ன ஃபிளாஷ்னு எங்கேயும் போடல. ரெண்டுக்கும் 5 வருஷம் வாரண்டி. ஆனா 5,000 போட்டதுதான் 1,100 ரூபாய் கம்மி. எதை வாங்குறது? வாங்கினப்புறம் காசுக்கேத்த சரக்குதானான்னு எப்படி டெஸ்ட் பண்றது? கவுண்டர்ல பாஸ்போர்ட் போட்டோ பிரிண்ட் போடுற பழைய சிஸ்டத்துக்கும் ஒண்ணு போடலாமா?"

எடிட்டிங் சிஸ்டம் இன்டெல் 10ஆம் தலைமுறை ஐ5. கவுண்டரில் இருப்பது எச்61 போர்டில் 3ஆம் தலைமுறை ஐ3. வாரத்துக்கு ரெண்டு ஃபங்ஷன் எடுக்கிறார், ஒவ்வொன்றும் ஏறக்குறைய 250 ஜிபி. இரண்டாவது கேமராமேன் தன் பங்கைப் போர்ட்டபிள் எஸ்எஸ்டியில் கொண்டுவந்து தருவாராம். டிரைவ் எப்போதும் முக்கால்வாசிக்கு மேல் நிரம்பியே இருக்கும் என்றும் எழுதியிருக்கிறார்.

தம்பி, இந்தக் கடைசி இரண்டு விவரத்தையும் நீங்கள் போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள். எனக்கு விடை கிடைத்ததே அதில்தான். பழைய வண்ணாரப்பேட்டையில் 18 வருடமாக சர்வீஸ் பார்க்கிறேன். டிரைவை எப்படிப் பயன்படுத்தப் போகிறோம் என்று சொல்லிவிட்டு விலை கேட்பவர்கள் குறைவு.

என்விஎம்இ என்பது போர்டிலேயே நேராகச் செருகும் வேகமான எஸ்எஸ்டி ரகம். டிஎல்சி, டிபிடபிள்யூ என்றால் என்ன என்பதைப் பின்னால் சொல்கிறேன். முதலில் அந்த 5,000 விஷயத்தை முடித்துவிடலாம். உங்கள் சிஸ்டத்தில் அது வரவே வராது. இன்டெல் 10ஆம் தலைமுறையில் பிசிஐஇ (போர்டுக்கும் டிரைவுக்கும் இடையே தகவல் போகும் பாதை) 3.0 வரைதான் உண்டு. அதில் நான்கு லேன் சேர்ந்தால் கணக்குப்படி நொடிக்கு 3,900 எம்பி சொச்சம், கையில் கிடைப்பது 3,500 அளவு. 4.0 டிரைவைச் செருகினால் ஒழுங்காக வேலை செய்யும், ஆனால் 3.0 வேகத்துக்கு இறங்கி வந்து செய்யும். ஆக, பெட்டியில் எது எழுதியிருந்தாலும் உங்கள் மேசையில் இரண்டுமே 3,500 டிரைவ்தான். பின்னாளில் போர்டு மாற்றும்போது 5,000 பயன்படுமே என்று தோன்றலாம். அப்போதும் நீங்கள் உணரப்போகும் வித்தியாசம் சொற்பம், ஏன் என்று சொல்கிறேன்.

பெட்டியில் போடுவது தொடர் வாசிப்பு வேகம். ஒரே பெரிய கோப்பை முதலிலிருந்து கடைசிவரை இடைவெளி இல்லாமல் படிப்பது. கொத்தவால்சாவடியில் ஒரே மண்டியிலிருந்து 50 மூட்டைப் பருப்பை லாரியில் ஏற்றுவது மாதிரி. கம்ப்யூட்டர் அன்றாடம் செய்கிற வேலை கல்யாண மளிகைச் சீட்டு மாதிரி. 80 சாமான், 80 டப்பா, ஒவ்வொன்றிலும் கொஞ்சம் கொஞ்சம் எடுத்துப் பொட்டலம் கட்ட வேண்டும். விண்டோஸ் திறப்பது, ஃபோட்டோஷாப் திறப்பது, ஒரு ஃபோல்டரில் 900 போட்டோவுக்கு தம்ப்நெயில் வருவது எல்லாம் இந்த இரண்டாவது ரகம். மூட்டை தூக்குவதில் கில்லாடியான ஆள் பொட்டலம் கட்டுவதிலும் கில்லாடியாக இருக்க வேண்டும் என்று கட்டாயம் இல்லை.

இதை அளக்க கிரிஸ்டல்டிஸ்க்மார்க் போதும். இலவசம், சின்ன மென்பொருள். ஓட்டினால் நான்கு வரி வரும். எல்லோரும் முதல் வரியைப் படம் எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்புவார்கள், கடைக்காரரும் அதைத்தான் காட்டுவார். நீங்கள் கடைசி வரியைப் பாருங்கள். ஆர்என்டி4கே க்யூ1டி1 என்று இருக்கும். நான்கு கேபி அளவுத் துண்டுகளை அங்கொன்றும் இங்கொன்றுமாக, ஒரு நேரத்தில் ஒன்று என்று படித்து எழுதும் வேகம் அது. நாள் முழுக்க நீங்கள் உட்கார்ந்து வேலை செய்யும்போது டிரைவிடம் கேட்பது பெரும்பாலும் இதுதான்.

இந்த வரியில் பழைய ஹார்டு டிஸ்க் ஒரு எம்பியை ஒட்டித்தான் நிற்கும், பல டிஸ்க் அதைத் தொடவும் செய்யாது. காரணம் எளிது. 7,200 ஆர்பிஎம் தட்டு ஒரு சுற்று வர 8.3 மில்லி நொடி. தலை நகர்ந்து, தட்டு சுற்றி, தேடிய இடம் கீழே வர சராசரியாக 12 மில்லி நொடி என்று வையுங்கள். நொடிக்கு 80 முறை எடுக்கலாம், ஒவ்வொரு முறையும் 4 கேபி. அவ்வளவுதான் அதன் சக்தி. சாட்டா எஸ்எஸ்டி (பழைய ஹார்டு டிஸ்க் கேபிளிலேயே மாட்டும் ரகம்) இதே வரியில் 25இலிருந்து 40 எம்பி வரை காட்டும். நல்ல என்விஎம்இ 50இலிருந்து 80, 90 வரை. கவனித்தீர்களா? 3,500, 5,000, 7,000 என்று பெட்டியில் தாவிக்கொண்டே போகிற டிரைவ்களுக்கு இடையில், இந்த வரியில் உள்ள இடைவெளி அந்த அளவுக்கு இல்லவே இல்லை. ஹார்டு டிஸ்கிலிருந்து எஸ்எஸ்டிக்கு வந்த அன்று தெரிந்த ஆச்சரியம், எஸ்எஸ்டியிலிருந்து அதைவிட வேகமான எஸ்எஸ்டிக்குப் போகும்போது தெரியாமல் போவதற்கு இதுவே காரணம்.

கிரிஸ்டல்டிஸ்க்மார்க்கை ஓட்டும்போது ஒன்றை மறக்கக் கூடாது. அது வழக்கமாக 1 ஜிபி அளவில்தான் சோதிக்கும். 1 ஜிபி எழுதிப் பார்த்து ஒரு எஸ்எஸ்டியை எடைபோட முடியாது. அதற்குக் காரணத்தை நான் கண்ணால் பார்த்த ஒன்றை வைத்தே சொல்கிறேன்.

ராயபுரத்திலிருந்து ஒரு வீடியோ எடிட்டர் தன் சிபியுவைத் தூக்கிக்கொண்டு வந்தார். "வாங்கினப்போ பறந்துச்சு, இப்போ மாட்டு வண்டியாட்டம் இருக்கு" என்றார். உள்ளே 1 டிபி டிரைவ், க்யூஎல்சி ரகம், 600 ஜிபி நிரம்பியிருந்தது. கிரிஸ்டல்டிஸ்க்மார்க் போட்டால் எல்லா எண்ணும் புத்தம் புதிது மாதிரி வருகிறது. ஆரோக்கியம் 96 சதவீதம். சரி, இவர் செய்கிற வேலையையே செய்து பார்ப்போம் என்று அவருடைய போர்ட்டபிள் எஸ்எஸ்டியைச் செருகி 280 ஜிபி ஃபுட்டேஜைக் காப்பி போட்டேன். விண்டோஸ் காப்பி சன்னலில் பச்சை மேடு நொடிக்கு 900 எம்பிக்குப் பக்கத்தில் மட்டமாகப் போய்க்கொண்டிருந்தது. ஒன்றரை நிமிடம் கூட ஆகவில்லை, 70 ஜிபி தாண்டினதும் தடாலென்று விழுந்து 95இல் நின்றது. அப்புறம் ஏறவே இல்லை. மீதி 210 ஜிபி முடிய 37 நிமிடம். அந்த நேரத்தில் டைம்லைனைத் தொட்டால் படம் நின்று நின்று வந்தது. அதே 280 ஜிபியை என்னிடம் இருந்த ஒரு டிஎல்சி டிரைவில் போட்டுக் காட்டினேன். ஐந்தரை நிமிடம். மேடு கொஞ்சம் நெளிந்தது, விழவில்லை.

நடந்தது என்ன? ஃபிளாஷின் ஒரு செல்லில் டிஎல்சி 3 பிட் வைக்கிறது, க்யூஎல்சி 4 பிட். 3 பிட்டுக்கு 8 மின்னழுத்த நிலைகளைப் பிரித்தறிய வேண்டும், 4 பிட்டுக்கு 16. நிலைகள் நெருங்க நெருங்க நிதானமாக, திரும்பத் திரும்பச் சரிபார்த்து எழுத வேண்டும். அதனால் எழுதுவது மெதுவாகிறது. இதை மறைக்க, காலியாக இருக்கும் செல்களில் கொஞ்ச நேரத்துக்கு ஒரே ஒரு பிட் மட்டும் வேகமாக எழுதி வைத்துக்கொள்வார்கள். எஸ்எல்சி கேஷ் என்பது அதுதான். அப்புறம் டிரைவ் சும்மா இருக்கும் நேரத்தில் அதை 3 அல்லது 4 பிட்டாக மடித்து அடுக்கிவிடும். டிஎல்சியும் இதைச் செய்யும். ஆனால் கேஷ் தீர்ந்த பிறகு அது இறங்கும் தரை க்யூஎல்சியின் தரையைவிட வெகு உயரம்.

இப்போது கணக்கைப் பாருங்கள். க்யூஎல்சியில் 4 பிட் வைக்கும் இடத்தில் 1 பிட் வைப்பதால், காலி இடத்தில் அதிகபட்சம் கால்வாசிதான் கேஷாக ஆக முடியும். டிரைவ் முழுக்கக் காலியாக இருந்தால் 250 ஜிபி. ஆகவே வாங்கிய வாரத்தில் எந்தச் சோதனையிலும் சிக்காது, பறக்கும். 800 ஜிபி நிரம்பிய பிறகு காலி 200, கேஷ் அதிகபட்சம் 50. ராயபுரத்துக்காரர் சொன்ன "வாங்கினப்போ பறந்துச்சு" இதுதான். டிரைவில் கோளாறு எதுவும் இல்லை. அது அப்படிச் செய்யப்பட்டது. அவருக்கு யாரும் சொல்லவில்லை, அவ்வளவுதான். காலி டிரைவைச் சோதித்துவிட்டு நிரம்பிய டிரைவில் ஐந்து வருடம் வேலை செய்கிறோம். எனக்கு இந்தத் தொழிலில் இதைவிட வருத்தம் தரும் விஷயம் வேறில்லை.

உங்கள் பெட்டிகளில் ஒன்றில் ஃபிளாஷ் ரகமே போடவில்லை என்றீர்கள். டிஎல்சி என்றால் பெருமையாகப் போட்டுக்கொள்வார்கள். போடாமல் விட்டு, 1 டிபிக்கு 220 டிபிடபிள்யூ என்றும் இருந்தால், க்யூஎல்சி என்றே வைத்துக்கொள்ளலாம். 1 டிபி டிஎல்சிக்கு வழக்கமாக வரும் எண் 600.

டிபிடபிள்யூ என்பது வாரண்டி காலத்துக்குள் எத்தனை டெராபைட் எழுதலாம் என்ற கணக்கு. வருடம் அல்லது இந்த எண், எது முதலில் வருகிறதோ அதோடு வாரண்டி முடியும். இதைப் பார்த்துப் பயப்படுகிறவர்கள் நிறைய. உங்களுக்கே போட்டுப் பார்ப்போம். வாரம் 500 ஜிபி ஃபுட்டேஜ், ரெண்டரும் பிரிவியூ கோப்புகளும் ஒரு 200 ஜிபி என்று தாராளமாக வையுங்கள். வாரம் 700 ஜிபி, வருடத்துக்கு 36 டிபி. ஆடியிலும் மார்கழியிலும் முகூர்த்தம் கிடையாது, அதையும் கழிக்காமல் சொல்கிறேன். 220 டிபிடபிள்யூ தீர 6 வருடம், 600 தீர 16 வருடம். வாரண்டியே 5 வருடம்தான். அதனால் ஆயுளை நினைத்து 1,100 ரூபாய் கூடக் கொடுக்க வேண்டாம். அந்த எண்ணை ஃபிளாஷ் ரகத்தைக் கண்டுபிடிக்கும் துப்பாக மட்டும் பயன்படுத்துங்கள்.

அதே நேரம் க்யூஎல்சியைக் குப்பை என்று சொல்லவும் மாட்டேன். நீங்கள் ஃபுட்டேஜை எஸ்டி கார்டிலிருந்து மட்டும் இறக்குபவராக இருந்தால் கதையே வேறு. பரவலாகப் புழங்கும் யூஎச்எஸ்-1 கார்டு, சாதாரண ரீடரில் நொடிக்கு 90 எம்பி அளவில்தான் தரும். கேஷ் தீர்ந்து 95க்கு இறங்கிய க்யூஎல்சியும் அதற்குப் போதும். வித்தியாசமே தெரியாது. ரெண்டர் போடும்போதும் அப்படித்தான். நொடிக்கு 100 மெகாபிட்டில் வீடியோ வெளியே வந்தால் டிரைவில் எழுதப்படுவது நொடிக்கு 12.5 எம்பி. அங்கே காத்திருப்பது பிராசஸருக்காக, டிரைவுக்காக இல்லை. உங்களுக்கு இரண்டாவது கேமராமேன் போர்ட்டபிள் எஸ்எஸ்டியில் கொண்டுவருகிறார், டிரைவும் நிரம்பியே இருக்கிறது. இந்த இரண்டும் சேரும்போதுதான் க்யூஎல்சி காலை வாரும். வாரத்தில் இரண்டு முறை அரை மணி நேரம் வரைகூடக் காத்திருப்பீர்கள், அதுவும் ஃபங்ஷன் முடிந்த மறுநாள் அவசரத்தில்.

ஆகவே என் பதில்: 3,500 போட்ட டிஎல்சியை வாங்குங்கள். 1,100 ரூபாய் கூடக் கொடுப்பது அந்த அரை மணி நேரங்களுக்காக. ஒருவேளை டிரைவில் எப்போதும் 300 ஜிபி காலியாக வைத்திருப்பேன், கார்டில்தான் எல்லாம் வரும் என்று நீங்கள் மாறினால், விலை குறைந்ததை வாங்கி மிச்சத்தை பேக்கப் டிஸ்கில் போடச் சொல்லியிருப்பேன்.

வாங்கிய அன்றே செய்ய வேண்டியவை. பில் ஜிஎஸ்டி பில்லாக, சீரியல் நம்பர் எழுதியதாக இருக்கட்டும். பர்மா பஜாரில் பில் இல்லாமல் இன்னும் குறைவாகக் கிடைக்கும் என்பார்கள். கேபிளும் கவரும் நானும் அங்கேதான் வாங்குகிறேன். தொழிலுக்கு வைக்கும் டிரைவை வாரண்டி இல்லாமல் வாங்க மனம் வராது. சீல் பிரித்ததும் கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ (டிரைவின் ஆரோக்கியத்தைக் காட்டும் மென்பொருள்) போட்டு பவர் ஆன் ஹவர்ஸ் (ஓடிய நேரம்), டோட்டல் ஹோஸ்ட் ரைட்ஸ் (இதுவரை எழுதிய அளவு) இரண்டையும் பாருங்கள். புதிய டிரைவில் இரண்டும் பூஜ்யம், அல்லது பூஜ்யத்தை ஒட்டி. 200 மணி நேரம் ஓடியிருந்தால் அது யாரோ பயன்படுத்தித் திருப்பிக் கொடுத்தது. திரையைப் படம் எடுத்து வைத்துக்கொண்டு அன்றைக்கே கடைக்குப் போங்கள்.

1 டிபி என்று வாங்கியது விண்டோஸில் 931 ஜிபி என்று காட்டும். இதில் ஏமாற்று இல்லை. தயாரிப்பாளர் ஆயிரம் ஆயிரமாக எண்ணுகிறார், விண்டோஸ் 1,024 ஆக எண்ணுகிறது. ஆனால் போலி டிரைவும் இதே 931ஐக் காட்டும் என்பதுதான் சிக்கல். குறிப்பாக, நம்பமுடியாத விலைக்கு 4 டிபி, 16 டிபி என்று விற்கும் போர்ட்டபிள் டிரைவ்கள். பிரித்துப் பார்த்தால் உள்ளே ஒரு மெமரி கார்டு ஒட்டியிருக்கும். காட்டுகிற அளவு பொய், நிரம்பிய பிறகு மேலே மேலே எழுதிப் பழையதை அழித்துவிடும்.

இதைக் கண்டுபிடிக்க எச்2டெஸ்ட்டபிள்யூ என்ற மென்பொருள் இருக்கிறது. ஒரு ஜெர்மன் கணினிப் பத்திரிகை வெளியிட்டது. டிரைவ் முழுக்கத் தெரிந்த தகவலை எழுதி, திரும்பப் படித்து, எழுதியது அப்படியே இருக்கிறதா என்று ஒப்பிட்டுச் சொல்லும். இதில் எனக்குப் பிடித்தது, ஒரே கல்லில் இரண்டு மாங்காய் விழுகிறது. அளவு உண்மையா என்றும் தெரியும், கடைசிவரை எழுதுவதால் கேஷ் தீர்ந்த பிறகு டிரைவின் நிஜ வேகம் என்ன என்றும் தெரியும். பக்கத்தில் உட்கார்ந்து 10 நிமிடத்துக்கு ஒருமுறை ஓடும் வேகத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். சராசரி 100 எம்பி என்று வந்தால் 1 டிபி நிரம்ப 2 மணி 47 நிமிடம் ஆகும். நல்ல டிஎல்சி என்றால் அரை மணி நேரத்தைச் சுற்றியே எழுதி முடித்துவிடும். "முழுக்க எழுதினா ஆயுள் போயிடாதா" என்று கேட்பார்கள். 600 டிபிடபிள்யூவில் 1 போகும், அவ்வளவே. முடிந்ததும் அந்தக் கோப்புகளை அழித்து, விண்டோஸில் டிரைவை ஆப்டிமைஸ் கொடுங்கள். ட்ரிம் கட்டளை போய், காலியான இடம் காலி என்று டிரைவுக்குத் தெரிந்துவிடும். ஒரு மணி நேரம் சும்மா விட்டுவிட்டு அப்புறம் வேலையை ஆரம்பியுங்கள்.

போன வருடம் வாங்கிய அதே மாடல்தானே, நண்பரிடம் நன்றாக ஓடுகிறதே என்று இந்தச் சோதனையைத் தவிர்க்காதீர்கள். ஒரே மாடல் பெயரில் உள்ளே கண்ட்ரோலரையும் (டிரைவை நடத்தும் சிப்) ஃபிளாஷையும் மாற்றிவிடுவது நடக்கிற விஷயம். 2021இல் பெயர் பெற்ற பிராண்டுகளே இப்படிச் செய்தது பெரிய பேச்சானது. என் கடையிலும் ஒரே வாடிக்கையாளருக்கு ஒரே மாடல் இரண்டு வாங்கிக் கொடுத்து, இரண்டாவது கேஷ் தீர்ந்ததும் முதலாவதில் மூன்றில் ஒரு பங்கு வேகத்துக்கு இறங்கியது. பெட்டி, லேபிள், விலை எல்லாம் அச்சு அசல் ஒன்றே.

சோதனையை எந்த நேரத்தில் செய்வது என்பதும் நம் ஊரில் முக்கியம். இணையத்தில் வரும் சோதனைகள் ஏசி அறையில், திறந்த மேசையில் நடப்பவை. உங்கள் ஸ்டூடியோ மாடியில், மேலே தகரக் கூரை என்றால் சித்திரை வைகாசியில் மதியம் 3 மணிக்கு அறையே 37, 38 டிகிரி இருக்கும். கேபினட்டுக்குள் இன்னும் கூட. வீட்டு உபயோக என்விஎம்இக்கள் பெரும்பாலும் 70 டிகிரி வரை என்றுதான் தயாரிப்பாளரே சொல்கிறார். அதையும் தாண்டி ஏறும்போது கண்ட்ரோலர் தன்னைக் காப்பாற்றிக்கொள்ள வேகத்தைக் குறைத்துவிடும். எச்2டெஸ்ட்டபிள்யூ ஓடும்போதே எச்டபிள்யூஇன்ஃபோவைத் திறந்து வைத்து டிரைவின் வெப்பத்தைப் பாருங்கள். அதையும் மதியத்திலேயே பாருங்கள். 65க்குள் நின்றால் கவலை இல்லை. 80ஐத் தொட்டால் ஹீட்சிங்க் (வெப்பத்தை இழுத்து வெளியேற்றும் உலோகத் தகடு) வேண்டும், அல்லது கிராஃபிக்ஸ் கார்டுக்கு அடியில் இருக்கும் ஸ்லாட்டிலிருந்து இன்னொரு ஸ்லாட்டுக்கு மாற்ற வேண்டும்.

ஹீட்சிங்க் போடும்போது ஒன்று. உள்பக்கம் சாம்பல் நிறத்தில் மெத்தென்று தெர்மல் பேட் இருக்கும். அதன்மேல் கண்ணாடி மாதிரி மெல்லிய பிளாஸ்டிக் தாள் ஒட்டியிருக்கும், சிலதில் நீல நிறம். அதை உரித்துவிட்டுத்தான் போட வேண்டும். உரிக்காமல் போட்ட சிஸ்டங்கள் எத்தனையோ என் மேசைக்கு வந்திருக்கின்றன. ஒன்றில் 84 டிகிரி காட்டியது. கழற்றித் தாளை உரித்துத் திரும்ப மாட்டினேன், அதே வேலைக்கு 63. மூன்று நிமிட வேலை. ஆனால் டிரைவின் மேலேயே இருக்கும் லேபிளை மட்டும் உரிக்க வேண்டாம். வாரண்டி போய்விடும், சிலதில் அந்த லேபிளே செம்புத் தகடு வைத்து வெப்பத்தைப் பரப்புவது.

அடுத்து கவுண்டர் சிஸ்டம். எச்61 போர்டில் எம்.2 ஸ்லாட் (என்விஎம்இ செருகும் இடம்) எதிர்பார்க்க வேண்டாம். இரண்டரை அங்குல சாட்டா எஸ்எஸ்டிதான். அந்த சிப்செட்டில் சாட்டா வேகமும் 3 ஜிகாபிட் வரைதான், அதனால் பெட்டியில் 550 போட்டிருந்தாலும் 270ஐச் சுற்றித்தான் வரும். கடைக்காரர் பையன் யாராவது "ஸ்பீடு பாதிதான் வருது, போர்டு மாத்துங்க" என்றால் கேட்காதீர்கள். மேலே சொன்ன கடைசி வரியில் ஹார்டு டிஸ்க் ஒரு எம்பியைத் தொட முடியாமல் நிற்கும் இடத்தில் இது 25ஐச் சுற்றி வரும். உங்கள் இரண்டு சிஸ்டத்தில், ரூபாய்க்கு அதிகப் பலன் கிடைக்கப்போவது இந்தப் பழையதில்தான். இதற்கு டிரேம் (டிரைவுக்குள் தனியாக வைக்கும் நினைவகச் சிப்) இல்லாத, பெயர் தெரிந்த பிராண்டில் இருப்பதிலேயே விலை குறைந்த 240 அல்லது 250 ஜிபி போதும். க்யூஎல்சியா டிஎல்சியா என்று யோசிக்கவே வேண்டாம். பாஸ்போர்ட் போட்டோ எழுதி எந்தக் கேஷும் தீராது.

மாட்டுவதற்கு முன் பயாஸில் சாட்டா மோடு ஏஎச்சிஐ ஆக இருக்கிறதா பாருங்கள். அந்தக் காலத்துப் போர்டுகளில் ஐடிஇ என்று விட்டிருப்பார்கள். முதலில் அதை மாற்றிவிட்டு விண்டோஸைப் புதிதாகப் போடுங்கள். பழைய விண்டோஸை அப்படியே வைத்துக்கொண்டு மோடை மட்டும் மாற்றினால் நீலத் திரையில் வந்து நிற்க வாய்ப்பு அதிகம். ரேம் 4 ஜிபி என்றால் இன்னொரு 4 ஜிபி டிடிஆர்3 போட்டுவிடுங்கள். அதற்குமேல் இந்தச் சிஸ்டத்தில் காசு இறக்காதீர்கள். விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14உடன் முடிந்தது, விண்டோஸ் 11 இந்தத் தலைமுறையை ஏற்காது. சாட்டா எஸ்எஸ்டியைக் கழற்றி அடுத்த சிஸ்டத்தில் மாட்டிக்கொள்ளலாம், அந்தக் காசு வீணாகாது.

இந்தச் சிஸ்டத்துக்குச் சோதனை மென்பொருளே தேவையில்லை, செல்போனில் இருக்கும் ஸ்டாப்வாட்ச் போதும். மாற்றுவதற்கு முந்தின நாள் மூன்று விஷயத்தை அளந்து எழுதி வையுங்கள். ரீஸ்டார்ட் கொடுத்து டெஸ்க்டாப் வந்து மவுஸ் சுற்றுவது நிற்க எவ்வளவு நேரம், ஃபோட்டோஷாப் திறக்க எவ்வளவு, வாடிக்கையாளர் உட்கார்ந்து எழுந்ததிலிருந்து பிரிண்ட் கையில் வர எவ்வளவு. ஒவ்வொன்றும் மூன்று முறை. ஷட்டவுன் செய்து அளக்காதீர்கள், விண்டோஸில் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் இருப்பதால் அது பாதித் தூக்கத்திலிருந்து எழுகிற மாதிரி, நேரம் குறைத்துக் காட்டும். ரீஸ்டார்ட்தான் நிஜம். அதேபோல ஒரு மென்பொருளை இரண்டாம் முறை திறந்தால் ரேமிலிருந்து வரும், டிரைவை அளந்ததாகாது. ஒவ்வொரு அளவுக்கும் நடுவில் ரீஸ்டார்ட். என் கடையில் இதேபோன்ற ஒரு எச்61இல் டெஸ்க்டாப் வர 1 நிமிடம் 50 நொடி எடுத்தது 24 நொடியானது. ஆனால் மூன்றாவது அளவுதான் உங்கள் வருமானத்தைச் சொல்லும். அதில் பிரிண்டர் எடுக்கும் நேரம் மாறப்போவதில்லை, அதனால் நிமிடக் கணக்கில் எதிர்பார்க்காதீர்கள்.

இரண்டு சிஸ்டத்துக்கும் யூபிஎஸ் இருக்கட்டும். கரண்ட் சட்டென்று போகும்போது எழுதிக்கொண்டிருந்ததைக் காப்பாற்றும் கெப்பாசிட்டர்கள் சர்வர் டிரைவ்களில் இருக்கும், நாம் வாங்கும் விலையில் இருக்காது. கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோவில் அன்சேஃப் ஷட்டவுன்ஸ் என்று ஒரு எண்ணிக்கை வரும். மாதம் ஒருமுறை எட்டிப் பாருங்கள். அது ஏறிக்கொண்டே போனால் யூபிஎஸ் பேட்டரி படுத்துவிட்டதா என்று முதலில் பாருங்கள்.

கடைசியாக, நீங்கள் கேட்காதது ஒன்று. முடித்த கல்யாணங்களை எஸ்எஸ்டியில் போட்டு பீரோவில் வைக்காதீர்கள். கரண்ட் இல்லாமல் கிடக்கும் ஃபிளாஷில் மின்னூட்டம் மெல்ல மெல்லக் கசியும், வெப்பம் கூடினால் வேகமாக. ஜெடெக் என்ற தர அமைப்பு வீட்டு உபயோக எஸ்எஸ்டிக்கு வைத்திருக்கும் வரம்பு, எழுதும் ஆயுள் முழுக்கத் தீர்ந்த டிரைவ், 30 டிகிரியில், ஒரு வருடம். புதிய டிரைவ் இதைவிட வெகுநாள் தாங்கும், ஆனால் நம் பீரோ 30 டிகிரியில் இருப்பது மார்கழியில்தான். ஹார்டு டிஸ்க் கெட்டால் சத்தம் போடும், திணறும், பெரும்பாலும் ஏதோ ஒரு வழியில் டேட்டா மீட்கலாம். எஸ்எஸ்டி முந்தின நாள்வரை ஓடிவிட்டு மறுநாள் பயாஸிலேயே தெரியாமல் போகும். எடிட்டிங் சிஸ்டத்திலிருந்து கழற்றும் பழைய ஹார்டு டிஸ்கை எடைக்குப் போடாமல் முழுக்க ஒரு முறை எச்2டெஸ்ட்டபிள்யூ ஓட்டுங்கள். பிழை இல்லாமல் முடிந்தால் 3.5 அங்குலக் கேஸ் ஒன்று வாங்கி அதில் போட்டு, ஆல்பம் டெலிவரி கொடுத்த அன்றே அந்த ஃபங்ஷனை அதற்கு மாற்றிவிடுங்கள். எஸ்எஸ்டியிலும் இடம் காலியாகும்.